பிரேக் மாற்றினோம், ஸ்டியரிங் உதறுகிறது

போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது சிலமலை. ஊர் சமவெளியில்தான், ஆனால் அந்த வட்டாரத்து வண்டிகள் பலவற்றுக்குப் பிழைப்பு மலையில். ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் விடியுமுன்பே ஜீப்புகள் ஆளேற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் அவர்களோடு திரும்பி இறங்குகின்றன. ஏறுவது எஞ்சினைத் தின்னும், இறங்குவது பிரேக்கைத் தின்னும். அதனால் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பிரேக் வேலைக்குப் பஞ்சமே கிடையாது. வேலை முடிந்து வண்டி போன பிறகு திரும்பி வரும் புகார்களில் அடிக்கடி கேட்பது இது:

"அண்ணே, பிரேக்க மிதிச்சா ஸ்டியரிங் உதறுது. பேட் மாத்துறதுக்கு முன்னாடி இப்படி இல்லண்ணே."

"டிஸ்க் பெண்டாயிருக்கும்ப்பா. கழட்டி லேத்துல குடுத்துருவோம்."

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எதுவும் அளக்கப்படவில்லை. உதறல் எந்த வேகத்தில் வருகிறது, பிரேக்கை மிதிக்காதபோதும் வருகிறதா, வேலை முடிந்த அன்றே வந்ததா, மூன்று மாதம் கழித்து வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அதே வண்டியைப் பேலன்சிங் கடைக்குக் கொண்டுபோனால் வெயிட் விழுந்திருக்கிறது என்பார்கள். ஸ்பேர்ஸ் கடைக்காரர் போலிப் பேட் என்பார். கம்பெனி சர்வீஸில் டிஸ்க், பேட் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லி எஸ்டிமேட் நீட்டுவார்கள். தம்மிடம் எந்த மிஷின் இருக்கிறதோ, எந்தச் சரக்கு இருக்கிறதோ, அதற்குப் பொருத்தமான கோளாறே ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிறது. இவர்களில் யாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நான்குமே நடக்கக்கூடியவைதான். நம் வண்டியில் நடந்தது எது என்று பிரித்தறிய வழி உண்டா என்பதே கேள்வி. உண்டு; பெரும்பாலும் செலவில்லாத வழி.

அதற்கு முன் மலை பிரேக்குக்கு என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது. போடிமெட்டுக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,000 மீட்டர். இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள வண்டி அந்த உயரம் இறங்கும்போது விட வேண்டிய ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். எஞ்சினோ காற்றோ கைகொடுக்காமல் முன் டிஸ்க் இரண்டிலுமே இவ்வளவு சூடும் தங்கிவிட்டால் டிஸ்க் உருகியே போகும். அப்படி ஆகாததற்குக் காரணம், டிஸ்க்கைத் தழுவிப் போகும் காற்றும், தாழ்ந்த கியரில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சினும்தான். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவர் அந்த மிச்சத்தைப் பிறகு பட்டறையில் கட்டுகிறார்.

மலை வண்டிகளில் இன்னொரு சிக்கல், கோளாறு உண்டாகிற இடம் வேறு, வெளிப்படுகிற இடம் வேறு என்பது. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவுகளில் மணிக்கு 28 கிலோமீட்டரில் இறங்கும்போது சக்கரம் வினாடிக்கு 4 முறைகூடச் சுற்றாது. அந்த மந்தமான அசைவை ஸ்டியரிங் பெரும்பாலும் விழுங்கிவிடும். போடி தாண்டித் தேனி சாலையில் 80-ஐத் தொட்டால் சுற்று வினாடிக்கு 11 ஆகிறது. முன்பக்கச் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங் அமைப்பும் தாமாகவே அதிர விரும்பும் எண்ணிக்கை பல வண்டிகளில் இதை ஒட்டியே இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்போது சிறு பிசகும் கைக்குத் தெரியும் உதறலாகிவிடுகிறது. மலையில் ஒன்றும் இல்லையே, சமவெளியில்தானே உதறுகிறது, ஆகவே மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டிரைவர் நினைப்பது இதனால்தான். மூணாறு–போடிமெட்டுச் சாலை அகலமான பிறகு மேலேயும் வேகம் கிடைக்கிறது. ஆகவே இப்போது சிலர் மலையிலேயே உதறலைக் கண்டுகொள்கிறார்கள்.

முதல் கேள்வி: உதறல் பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதிக்காமலும் வருகிறதா? ஆளில்லாத நேராக ஓடும் சாலையில் 80 வரை கொண்டுபோய்க் காலை எடுத்துவிட்டு வண்டியைத் தானாக வேகம் குறைய விடுங்கள். அப்போது உதறினால், பிரேக் வேலை செய்த கையோடு வந்திருந்தாலும், பெரும்பாலும் பிரேக்குக்கு அதில் பங்கில்லை. சக்கரத்தைக் கழற்றி மாட்டியதில் ஏதோ நடந்திருக்கிறது. மிதித்த நொடியில் தொடங்கி, விட்டதும் நின்றால் டிஸ்க் அல்லது டிரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து சீட்டும் பெடலும் மட்டும் துடித்தால் சந்தேகம் பின்சக்கரங்கள் மேல் போக வேண்டும். நிற்கப் போகும் கடைசி ஓரிரு மீட்டரில் மட்டும் பெடல் கடகடவென்று அடித்தால் அது வேறு கதை: ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் சக்கரத்தின் சென்சாரில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கலாம், பல் வளையம் அடிபட்டிருக்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனையான கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் சுத்தியலால் டிஸ்க்கைத் தட்டிக் கழற்றும் பழக்கத்துக்கு இப்போது கூடுதல் விலை உண்டு.

இரண்டாம் கேள்வியைத்தான் பட்டறைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை: உதறல் எப்போது தொடங்கியது? வண்டியை எடுத்த அன்றே தொடங்கியதற்கும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் தொடங்கியதற்கும் காரணங்கள் வேறு வேறு. அன்றே வந்தால் மாட்டியதில் பிழை: நட்டு, வெயிட், லேத்தில் கோணலாகக் கடைந்த டிஸ்க், தளர்ந்த பேரிங், பொருந்தாத பேட். மெல்ல மெல்ல வந்தால் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிட்டது. அந்த மாற்றத்துக்கான விதையும் பிரேக் வேலை நடந்த அன்றே விழுந்திருக்கக்கூடும். இரண்டாவது வகையில்தான் வழக்கு சிக்கலாகிறது. வேலை முடிந்து மூன்று மாதம் வண்டி நன்றாக ஓடியதால் மெக்கானிக்குக்குத் தன் மேல் சந்தேகம் வராது. வண்டிக்காரரும் டிஸ்க் கம்பெனியைத் திட்டுவார், அல்லது மலையை.

டிஸ்க் பெண்டாகிவிட்டது என்ற தீர்ப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு டிஸ்க் சூட்டில் அப்பளம் போல் வளைந்துவிடும் என்ற எண்ணம் உலகம் முழுவதும் இருக்கிறது. கரோல் ஸ்மித் என்ற அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் இதை மறுத்து எழுதியது பிரேக் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பல பத்தாண்டுகள் பந்தயக் கார்களோடு இருந்தவர். பெண்டு என்று தன்னிடம் கொண்டுவரப்பட்ட டிஸ்க்குகளில் உண்மையில் இருந்தது பேட்டின் பொருள் சீரில்லாமல் ஒட்டிய படிவுதான் என்பது அவர் வாதம். பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இரும்பும் லைனிங்கும் உரசுவது மட்டும் நடக்கவில்லை. பேட்டிலிருந்து மெல்லிய பூச்சு ஒன்று டிஸ்க்கின் மேல் படிந்து, அந்தப் பூச்சோடு பேட் பிடித்து விடுவதும் சேர்ந்தே வண்டியை நிறுத்துகிறது. பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பு கூடிக் குறையும். தடித்த இடம் அதிகம் சூடாகும், சூடான இடத்தில் இன்னும் படியும். அந்த இடத்தில் இரும்பு 650 முதல் 700 டிகிரியைத் தாண்டினால் அதன் உட்கட்டமைப்பே மாறிக் கடினமான திட்டுகள் உண்டாகும். அதன் பிறகு உப்புத்தாள் போட்டாலும் போகாது, லேத்தில் மேலாகச் சீவினாலும் முழுமையாகப் போகாது. திட்டு உள்ளே இறங்கியிருக்கும்.

இந்தப் படிவு உண்டாக வாய்ப்பான இடங்களில் ஒன்று மலையடிவாரம். போடிமெட்டிலிருந்து விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கிய வண்டி முந்தல் செக்போஸ்ட்டில் நிற்கிறது. டிரைவர் பிரேக்கை அழுத்தியபடியே உட்கார்ந்திருக்கிறார். டிஸ்க் பழுக்கிற சூட்டில் இருக்கும்போது பேட் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால், பேட்டின் அளவுக்கு ஒரு அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடலாம். நேற்று மாட்டிய புதுப் பேட் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அதில் உள்ள பிசின் இன்னும் முழுதாக வெந்திருக்காது. நின்ற இடத்தில் காலை எடுத்துவிட்டுக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். இறங்கிய கையோடு வாட்டர் சர்வீஸில் விட்டுச் சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவதும் டிஸ்க்குக்குச் செய்யும் கொடுமைதான்.

ஸ்மித் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. பந்தயக் கார்களின் டிஸ்க்குக்குப் பொருந்துவதெல்லாம் மழைக்காலத்தில் ஏலத்தோட்டச் சேற்றில் நிற்கும் பொலேரோவுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அதைவிடப் பெரிய குற்றவாளி ஒன்று உண்டு: துரு. அதுவும் டிஸ்க்கின் முகத்தில் தெரியும் துரு இல்லை, அதன் முதுகுக்குப் பின்னால், ஹப் முகத்தில் உள்ள துரு.

டிஸ்க்கைக் கழற்றினால் ஹப்பின் தட்டையான முகம் தெரியும். நான்கைந்து போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு வளையம். அந்த வளையத்தைச் சுற்றியும் போல்ட்டுகளின் அடியிலும் துரு செதில் செதிலாகக் கட்டியிருக்கும். பழைய டிஸ்க் அதே துருவோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து தனக்கென்று ஒரு இருக்கையைப் பதித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புது டிஸ்க்கை வைத்தாலும், அதே டிஸ்க்கையே ஒரு துளை மாற்றி வைத்தாலும் இருக்கை மாறிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் 0.05 மில்லிமீட்டர் செதில் அடியில் சிக்கியது என்று வையுங்கள். ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. ஹப் முகத்தின் விட்டம் 120 மில்லிமீட்டர் என்றால், பேட் பிடிக்கும் வெளிவட்டத்தில் அதன் விட்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அங்கே டிஸ்க் 0.1 மில்லிமீட்டர் கோணலாக ஆடும். கார்களுக்குச் சொல்லப்படும் வரம்பு பொதுவாக 0.05-ஐ ஒட்டியது. கண்ணுக்குத் தெரியாத செதில் ஒன்று வரம்பை இரண்டு மடங்கு தாண்டிவிட்டது.

சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ரிம் ஓரிடத்தில் கட்டையை உரசிவிட்டுப் போகுமே, அதே கோட்டம்தான் இங்கும். ஆனால் கோட்டம் இருந்தவுடனே ஸ்டியரிங் உதறாது. பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர், தன் வழுக்குப் பின்களில் நகர்ந்து அந்த அசைவுக்கு இடம் கொடுத்துவிடும். பிரேக் மிதிக்காமல் வண்டி ஓடும்போதுதான் சேதம் நடக்கிறது. டிஸ்க்கின் மேடான பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். தேனி, உசிலம்பட்டி, மதுரை என்று நாள் முழுக்க ஓடினால் லட்சக்கணக்கான தொடுதல்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிந்துவிடும். தடிமனில் 0.015, 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே பல வண்டிகளில் உதறல் கைக்குத் தெரிகிறது. மூன்று மாதக் கதையின் பின்னணி இதுதான். ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் வழித்துத் துடைக்க ஒரு சக்கரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி எந்தப் பில்லிலும் கிடையாது. ஆகவே அந்த வேலையும் நடப்பதில்லை.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்க்க டயல் கேஜ் வேண்டும். லேத் பட்டறைகளில் கட்டாயம் இருக்கும் சாமான். பிரேக் பட்டறைகளில் அபூர்வம். சக்கரத்தைக் கழற்றிவிட்டு நட்டுகளை வாஷர் போட்டுத் திருப்பி முடுக்கி, டிஸ்க் ஹப்போடு நன்றாக ஒட்டும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. காந்த அடி உள்ள கேஜை நக்கிளில் ஒட்ட வைத்து, அதன் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே தொடவிட்டு, டிஸ்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பினால் முள் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். வரம்பைத் தாண்டினால் டிஸ்க்கின் மேல் குற்றம் சாட்டிவிடக் கூடாது. மேடு எங்கே என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டு, டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளக்க வேண்டும். மேடு டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் கோட்டம் டிஸ்க்கில். ஹப்பின் அதே போல்ட்டிலேயே நின்றால் ஹப்பில். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும் துளையைக் கண்டுபிடித்து மாட்டினாலே வரம்புக்குள் வந்துவிடுவதும் உண்டு. ஒரு ரூபாய்கூடப் பொருள் செலவில்லாமல். பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில் தடிமன் பார்த்தால் வழக்கு முடிந்தது.

நட்டு முடுக்குவதைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது. ஏர் கன்னால் ஒரே பக்கமாக வரிசையாக அடித்துவிட்டுப் போவது, டிஸ்க்கின் நடுத்தொப்பியை ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. எதிரெதிர் நட்டுகளாக, இரண்டு மூன்று தவணையில் முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சால் அளவு பார்க்க வேண்டும். சிறிய கார்களுக்கு ஏறக்குறைய 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை. சரியான எண் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். வேலை முடிந்த அன்றே உதறல் வந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது நட்டுதான். கூடுதலாக முடுக்கியிருந்தால் உதறல். தளர்வாக இருந்தால் சக்கரமே கழன்று ஓடும்.

பிரேக் மிதிக்காமலே உதறும் வகைக்கு இந்தப் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு: தோட்டத்து மண். மழை நாளில் எஸ்டேட் பாதையில் போய்வந்த சக்கரத்தின் ரிம்முக்கு உள்பக்கம் சேறு சுற்றிலும் அப்பிக் காய்ந்திருக்கும். சுற்றிலும் சமமாக இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. பிரேக் வேலைக்காகச் சக்கரத்தைத் தட்டிக் கழற்றித் தரையில் போடும்போது பாதி உதிர்ந்து, பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும். 15 அங்குல ரிம்மில் ஒரு பக்கம் கால் கிலோ மண் நின்றால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை 23 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வினாடிக்கு 11 முறை இழுக்கிறது. மலையில் 28-ல் போகும்போது அதே மண் இழுப்பது 3 கிலோ அளவில்தான். இதற்கு வேண்டிய மருந்து ஒரு கம்பியும் ஒரு வாளித் தண்ணீரும். பேலன்சிங் செய்யக் கொடுப்பதாக இருந்தாலும் மண்ணைச் சுரண்டிய பிறகே கொடுக்க வேண்டும். மண்ணுக்கும் சேர்த்து வெயிட் அடித்தால், அடுத்த மழையில் மண் கரைந்ததும் மறுபடி உதறும். கழற்றும்போது பழைய வெயிட் விழுந்துவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ரிம்மின் விளிம்பில் பளிச்சென்று புதிதாகத் தெரியும் இடம் இருந்தால் அதுதான் தடயம்.

காலிப்பர் பக்கம் வருவோம். காலிப்பர் வழுக்கிச் செல்லும் பின்கள் இரண்டையும் கழற்றித் துடைத்து, அதற்கென்று உள்ள சூடு தாங்கும் கிரீஸ் போடுவது பேட் மாற்றும் வேலையிலேயே சேர்ந்தது. சாதாரண மஞ்சள் கிரீஸைப் போட்டால் சூட்டில் உருகி ஓடும். எஞ்சியது பிசின் போல் இறுகிப் பின்னைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு பக்கப் பேட் எப்போதும் டிஸ்க்கில் உரசிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றாலும், ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்தாலும் இதே விளைவுதான். பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. ஹோஸ் கெட்டுப்போக அதுவும் ஒரு வழி. கண்டுபிடிப்பது எளிது: ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும். கையால் தொடக் கூடாது. இப்போது குறைந்த விலைக்கு வரும் வெப்பமானித் துப்பாக்கி போதும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகச் சூடு அதிகம் என்றால் அந்தச் சக்கரத்தில்தான் வேலை.

போலிச் சரக்கு என்ற ஸ்பேர்ஸ் கடைப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கிறது. லைனிங் தொழிலுக்குத் தமிழ்நாடு புதிதல்ல. பிரேக்ஸ் இந்தியா சென்னைப் பாடியில் 1962-ல் தொடங்கியது; ரானே பிரேக் லைனிங் தொடங்கியது 1964-ல். நல்ல சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் மாநிலம் இது. அப்படியிருந்தும் பெயர் தெரியாத பேட்டை மலை வண்டிக்குப் போடுவது ஏன் என்பது விலையை மட்டும் வைத்து விளங்குவதில்லை. பேட்டெல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பும் சேர்ந்திருக்கிறது. சூடு ஏறினால் பிடிப்பை இழக்கும் மலிவுப் பேட் படிவையும் சீரில்லாமல் விடும். ஆனால் ஹப்பைத் துடைக்காமல் மாட்டினால் எவ்வளவு உயர்ந்த பேட்டும் மூன்று மாதத்தில் உதறத்தான் செய்யும். ஆகவே பேட்டை முதல் குற்றவாளியாக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

டிரம் பிரேக் ஜீப்புகளின் கதை தனி. 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய மஹிந்திராவின் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரமும் டிரம். மலையில் இன்னும் அவை ஓடுகின்றன. டிரம் உதறினால் பெரும்பாலும் அது வட்டம் தப்பியிருக்கிறது. சூடாக இறங்கிய வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து வைப்பது, பின் டிரம்மை ஷூக்கள் அழுத்தும் இரண்டு பக்கமும் பிதுங்கிய நிலையிலேயே ஆறவிடுகிறது. இன்னொன்று கடைசல். லேத்தில் டிரம்மை விளிம்பைப் பிடித்துக் கடைந்தால் உள்வட்டம் அழகாக வரும். ஆனால் வண்டியில் அது சுற்றுவது நடுத்துளையை மையமாக வைத்து. நடுத்துளையிலோ ஹப்போடு சேர்த்தோ பிடித்துக் கடையாவிட்டால், பளபளவென்று கடைந்த டிரம் வண்டியில் மையம் தப்பிச் சுற்றும். வேலை முடிந்த அன்றே உதறல் வரும் வழக்குகளில் இதை அவசியம் பார்க்க வேண்டும். கடையக் கடைய உள்விட்டம் பெரிதாகிறது; பழைய வளைவுள்ள ஷூ நடுவில் மட்டும் தொட்டுப் பிடிக்கும். டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டினால் அதைக் கடைவதே தவறு. ஷூவைக் கழற்றும்போது வரும் தூளைக் காற்றடித்து ஊதுவதையும் விட வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, நனைத்துத் துடைப்பதே நுரையீரலுக்கு நல்லது.

இந்த ஜீப்புகளில் வொபிளிங் என்று சொல்கிறார்களே, அது பிரேக்கோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு ஆபத்து. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அடிக்கும். வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும். கிங் பின் பேரிங் தளர்வு, டை ராட் எண்ட் தேய்வு, முன் அச்சின் சாய்வு ஆகியவை இதற்கு வேர். பிரேக் வேலையோடு ஹப்புக்குக் கிரீஸ் வைக்கும்போது பேரிங் நட்டைத் தேவைக்கு மேல் தளர்த்தி விட்டாலும் இது கிளம்பும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்த்து, ஆட்டம் போய்விட்டால் பேரிங், போகாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட்.

எல்லாவற்றுக்கும் லேத் என்ற வழக்கத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைந்தால் உதறல் போவது உண்மை. தடிமன் மறுபடி சமமாகிவிடுகிறது அல்லவா. ஆனால் தடிமன் ஏன் மாறியது என்பதை லேத் கேட்காது. ஹப்பில் துரு அப்படியே இருந்தால் அதே கோட்டத்தோடு புதிதாகத் தேயத் தொடங்கும். ஒவ்வொரு கடைசலிலும் டிஸ்க் மெலிகிறது. மெலிந்த டிஸ்க்கால் குறைவான சூட்டையே தாங்க முடியும், ஆகவே அடுத்த இறக்கத்தில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதைப் படிக்காமல் கடைவது சமவெளி டாக்ஸிக்குக்கூடச் சரியில்லை, போடிமெட்டு இறங்கும் ஜீப்புக்குச் சொல்லவே வேண்டாம். ஹப்பைத் துடைத்து, அளந்து, துளை மாற்றிப் பார்த்த பிறகும் தடிமன் வித்தியாசம் இருந்து, கடையவும் சதை இருந்தால் மட்டும் லேத்துக்குப் போகட்டும். திரும்பி வந்ததும் வண்டியில் மாட்டி மறுபடி கேஜ் வைக்க வேண்டும்.

புதுப் பேட்டைப் பழக்கும் வேலை வண்டிக்காரருடையது. போடி–தேவாரம் சாலை அதற்குத் தோதானது. போக்குவரத்துக் குறைவான விடிகாலையில் 50, 60-லிருந்து 10 வரை மிதமாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, நடுவே டிஸ்க் ஆற அவகாசம் கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு முறை செய்தால் பூச்சு சீராகப் படியும். சாயங்காலம் பேட் மாற்றி மறுநாள் விடியலில் ஆளேற்றிக்கொண்டு மேலே போகிறவருக்கு இதற்கு நேரமிருக்காது. அந்த வண்டியின் புதுப் பேட் முதல் பாடத்தைப் படிப்பதே 17 வளைவுகளில்தான். குறைந்தது அந்த ஒரு நாளாவது வேறு வண்டியை அனுப்புவது நல்லது.

எடுப்பு இல்லாத மாதங்களில் வாரக்கணக்கில் நிறுத்தியிருந்த வண்டியும் முதல் சில நாள் உதறும். பேட்டுக்கு அடியில் இருந்த இடமும் வெளியே இருந்த இடமும் வெவ்வேறு விதமாகத் துருப்பிடித்திருக்கும். இது ஓட்ட ஓட்டப் பெரும்பாலும் தேய்ந்து போய்விடும். இதற்காக டிஸ்க் வாங்க வேண்டாம். ஆனால் உதறலோடு வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பெடல் இறங்கினால், ஒரு சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தால், நட்டின் அடியில் துருத்தூள் கோடாக வழிந்திருந்தால், காலிப்பர் போல்ட் கடகடத்தால், அந்த வண்டியை முந்தலுக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.